சில தொந்தரவுகள்

"இதை யாருடா எழுதினது?"

டீச்சரின் சிவப்புப் பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே அப்படியே நின்றது. மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த பிரஸ்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆனால் அக்கா அந்தக் குரலில் "டா" போட்டுவிட்டால் இன்றைக்கும் அவர் ஆறாம் வகுப்புதான்.

"நர்சம்மா குடுத்ததுக்கா. சுகாதார நிலையத்து நோட்டீஸ். நாலாயிரம் காப்பி கேட்டிருக்காங்க."

"அவ என்கிட்ட படிச்ச பொண்ணுதானே? இப்படியா எழுதுவா? கூச்ச நாச்சம் வேண்டாமா?"

வீட்டின் முன்பாதி அச்சகம், பின்பாதி குடித்தனம். நடுவில் ஒரு கதவு, அது மூடி யாரும் பார்த்ததில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் மடிப்பு மேசையில் பிரஸ்காரரின் மனைவி யாருடைய கடைக்கோ விலைப்பட்டியல் மடித்துக்கொண்டிருந்தாள். மரச்சட்டத்தால் மடிப்பை அழுத்தித் தேய்க்கும் சத்தம் காலையிலிருந்து ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் குரலை உயர்த்தியதும் அது நின்றது.

டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. அவனை ஆளாக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி வைத்தவர், கடைசியில் அது எங்கே போயிற்று என்றே தெரியாமல் தொலைத்துவிட்டார். முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, தம்பியின் அச்சகத்தில் புரூப் பார்ப்பது அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவர் கை படாமல் ஒரு விசிட்டிங் கார்டுகூட மெஷின் ஏறியதில்லை. தெருவில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லப் போவதில்லை.

"இது தெருத்தெருவா குடுக்கப் போற காகிதம். சின்னப் பசங்க கையில கிடைக்கும். வயசுப் பொண்ணுங்க கையில கிடைக்கும். கீழ நம்ம பிரஸ் பேரு வேற இருக்கு. 'டீச்சர் வீட்டுலதான் இதை அடிச்சாங்களா'ன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

டீச்சர் அந்த வரிகளை வாய்விட்டுப் படிக்கவில்லை. பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற தலைப்பின் கீழ் நர்சம்மா நான்கு வரி எழுதியிருந்தாள். கணவருடன் சேர்ந்த பிறகு இரத்தம் வருவது. மாதவிலக்குக்கு இடையிலோ, அது நின்றுபோன பிறகோ இரத்தம் வருவது. கெட்ட வாடையுடன் வெள்ளைப்படுவது. இடுப்பும் அடிவயிறும் விடாமல் வலிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே வாருங்கள் என்றும், எதுவுமே இல்லாவிட்டாலும் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றும், சில நிமிட வேலைதான், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்றும் அதற்குக் கீழே இருந்தது.

சிவப்புப் பேனா இறங்கியது. நான்கு வரிகள் மேலும் நான்கு கோடுகள். பக்கத்தில், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவதுபோல் முத்து முத்தாக ஒரே வரி: பெண்களுக்கு வரும் சில தொந்தரவுகளை அலட்சியம் செய்யாதீர்கள்.

"இப்ப படி. கண்ணியமா இருக்கா இல்லையா?"

பிரஸ்காரர் படித்தார். அவருக்கு அடித்துப்போட்ட முதல் வரிதான் தெரிந்தது.

காலையில் நர்சம்மா காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் அவர் அதைப் படித்திருந்தார். முதல் வரியிலேயே காது இரண்டும் சூடேறிவிட்டன. யாரோ தன் வீட்டு ஜன்னலில் எட்டிப்பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் தடவை அப்படி ஆனபோது மனைவி விளக்கைப் போடாமலே எழுந்து போய்த் துணியை அலசினாள். "வயசாகுதில்ல, உடம்பு மாறுது, அதான்" என்றாள். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன்னால்தான் அவளுக்குக் காயம் பட்டுவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். யாரிடம் கேட்பது? மறுநாளே பாயை எடுத்துக்கொண்டு மெஷின் ரூமுக்குப் படுக்கப் போய்விட்டார். மெஷினுக்குக் காவலாம். நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத இரும்பை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான்?

இப்போது சொல்லியிருக்கலாம். "அந்த ஒரு வரியாவது இருக்கட்டும்க்கா" என்றால் போதும். ஏன் என்று அக்கா கேட்பார். அதுதான் விஷயம். ஏன் என்பதற்குப் பதில் படுக்கையறையில் இருந்தது. அதைக் கூடத்துக்கு எடுத்து வர அவருக்கு நாக்கு எழவில்லை.

"சரிக்கா," என்றார்.

திருத்திய புரூப்பை நர்சம்மாவுக்குப் போனில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த நாலு வரி இல்லையே. அதுதானே முக்கியம்."

"டீச்சர் மாத்தினாங்கம்மா."

நர்சம்மா முப்பது படுக்கை வார்டைத் தனியாளாகச் சமாளிக்கிறவள்தான். ஆனாலும் டீச்சரிடம் தலையில் குட்டு வாங்கி எழுதப் படித்தவள்.

"டீச்சரே பாத்துட்டாங்கன்னா நான் என்னண்ணே சொல்றது? அப்படியே அடிச்சிடுங்க," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் நாலாயிரமும் அச்சாகிவிட்டது. மனைவி மடிக்க உட்கார்ந்தாள். மூன்றாக மடிக்க வேண்டிய நோட்டீஸ். முகப்பில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் படம், பிரித்தால் உள்ளே விவரம். ஒரு நூறு மடித்த பிறகு அவள் ஒன்றைப் பிரித்து உதட்டை அசைத்துப் படித்தாள்.

"என்னங்க, சில தொந்தரவுன்னு போட்டிருக்கே, அதெல்லாம் என்ன?"

உருளையைத் துடைத்துக்கொண்டிருந்த பிரஸ்காரர் திரும்பவில்லை. "பொம்பளைங்க சமாச்சாரம். எனக்கு என்ன தெரியும்?"

அவள் சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே. பொம்பளை நானே உங்களைக் கேக்கறேன்."

அப்போது டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். பிரஸ்காரர் மண்ணெண்ணெய்த் துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தார். பேச்சு அத்தோடு போயிற்று. சிவப்புக் கோடு போட்ட அந்த மூலக் காகிதத்தை மட்டும் அவர் கிழித்துப் போடவில்லை. மேசையின் அடி டிராயரில், பழைய பில் புத்தக மாதிரிகளுக்குக் கீழே செருகி வைத்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

பரிசோதனை நாளன்று சுகாதார நிலையத்துக்குப் பதினொரு பேர் போனார்களாம். மனைவி போகவில்லை. "எனக்கு என்ன தொந்தரவு? இடுப்பு வலி யாருக்குத்தான் இல்ல?" என்று சமையலைப் பார்த்தாள். அவள் பயந்தவளும் அல்ல, அசட்டையானவளும் அல்ல. பல்வலிக்குத் தானே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள். எது தொந்தரவு என்று யாராவது சொல்லியிருந்தால் வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இப்படி ஓடியது. மடிப்பு மேசையை மெஷின் ரூமுக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ஜன்னலே இல்லாத அறை அது. பிரஸ்காரர் ஒரு கேள்வி கேட்காமல் மேசையைத் தூக்கிப் போட்டார். அங்கே மையும் மண்ணெண்ணெயும் மூக்கைத் துளைக்கும், வேறெந்த வாடையும் எடுபடாது. அவள் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்தாள். முக்காலியில் கழிவுக் காகிதத்தைக் கனமாக அடுக்கி அதன் மேல் உட்கார்ந்தாள். புடவை எல்லாம் கறுப்பு, கருநீலம் என்று ஆகிவிட்டது. "வயசானா கலர் கண்ணுக்குப் பிடிக்கலையோ?" என்று டீச்சர்கூட கிண்டல் செய்தார். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழேதான் இருந்தார்கள். ஒருத்தி மறைத்தாள், ஒருவர் மறைப்பதைப் பார்த்தும் பாராமல் இருந்தார், ஒருவருக்கு அப்படி ஒன்று இருக்க முடியும் என்பதே தோன்றவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளைக்கு அவளைக் கூப்பிட வந்த டீச்சர், அவள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தார். காகித அடுக்கு முழுதும் ஊறிச் சிவந்திருந்தது.

"ஐயையோ, என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தூரம் கொஞ்சம் அதிகமா..."

"வாய மூடு. இது கொஞ்சமா?" டீச்சர் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினார். அவரேதான் வண்டி பிடித்தார், அவரேதான் படியில் தாங்கி ஏற்றினார். தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் முடிய ஒரு வாரம் ஆனது. டாக்டரம்மா சின்ன வயசு. மூவரையும் உட்காரச் சொன்னாள். நாற்காலி இரண்டுதான் இருந்தது, பிரஸ்காரர் சுவரோரம் நின்றார்.

"கணவரோட சேர்ந்தா ரத்தம் வருமாம்மா?"

டீச்சர் சட்டென்று சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார். மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தார்.

"வந்துச்சு டாக்டர்," என்றாள் அவளே.

"எப்பலேர்ந்து?"

"பத்து மாசம் இருக்கும். அப்புறம் சும்மாவே வர ஆரம்பிச்சது. வாடை வேற."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "ஆபரேஷன் பண்ற கட்டத்தைத் தாண்டிடுச்சும்மா. பக்கத்துலயும் பரவியிருக்கு. கதிர் வைத்தியம் குடுப்போம், கூடவே மருந்து ஏத்துவோம். எங்களால முடிஞ்சதை எல்லாம் பண்ணுவோம்." பிறகு, தன்னை அடக்கிக்கொள்ள முடியாதவள்போல் கேட்டாள்: "உங்க பக்கமெல்லாம் போன தடவை நோட்டீஸ் குடுத்தாங்களே. ஒண்ணுகூட உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சு டாக்டர். நாலாயிரத்தையும் நான்தான் மடிச்சேன்."

டீச்சர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கதிர் வைத்தியம் தொடங்கியது. தினமும் போய்வர வேண்டும். மூன்றாவது வாரம், ஒரு பிற்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிரஸ்காரர் அடி டிராயரைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் மெல்லப் படித்தாள். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. நான்கு வரியையும் முடித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பினாள்.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்ப?"

"அடிக்கறதுக்கு முன்னாடி. நர்சம்மா குடுத்த அன்னிக்கு."

"படிச்சப்ப நம்மளைப் பத்தின்னு தோணலையா?"

பொய் சொல்வதற்கு அது நல்ல இடம். தோன்றவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள், நம்பவே விரும்பியிருப்பாள். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளிடம் முதல்முறையாக அவர் உண்மையைச் சொன்னார்.

"தோணுச்சு."

அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் ஒருமுறை, "மெஷின் சும்மா கிடக்கும், போங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வைத்தியம் முடிந்து ஒரு மாதம் கழித்து நர்சம்மா வந்தாள். இன்னும் நாலாயிரம் நோட்டீஸ் வேண்டுமாம். உடம்பு இளைத்துப் பாதியாகி நாற்காலியில் சாய்ந்திருந்த பிரஸ்காரர் மனைவியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளிறியது. ஆனாலும் வந்த வேலையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"மேலிடத்துல போன தடவை அடிச்ச மாதிரியே வேணும்னு சொல்லிட்டாங்கண்ணே. நோட்டீஸ் ரொம்பக் கண்ணியமா இருந்துச்சாம். ஒரு புகார்கூட வரலையாம்."

பிரஸ்காரர் அக்காவைப் பார்த்தார். டீச்சர் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தார். மனைவி எழுந்து, கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து உள்ளே போனாள். தலையணைக்கு அடியில் இருந்த காகிதத்தோடு வந்து டீச்சர் முன்னால் அதைப் பிரித்து வைத்தாள்.

"அண்ணி, இதைத்தான் அடிக்கப் போறோம். பிழை இருக்கான்னு பாருங்க."

டீச்சர் பார்த்தார். தன் கையெழுத்தையே யாரோ அயலார் எழுத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்," என்றார் கடைசியில்.

"தெரியும் அண்ணி. எல்லாருமே எனக்கு நல்லதுதான் பண்ணீங்க."

நர்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் பேனாவைக் கையில் எடுத்து, மூடியைத் திருகி மூடி, டிராயருக்குள் போட்டார். அக்காவின் திருத்தம் இல்லாமல் அந்த அச்சகத்தில் மெஷின் ஏறிய முதல் நோட்டீஸ் அது.

மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நர்சம்மா வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள். பிறகு, "நான் பாத்துக்கறேண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. மனைவி மடிக்க உட்கார்ந்தாள். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார அவளால் முடியவில்லை. இருபது மடிப்பாள், படுப்பாள், மறுபடி வருவாள். பிரஸ்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாத்தி மடிச்சிருக்கே. படம் உள்ள போயிடுச்சு."

"தெரியும்."

சிரித்த முகத்துப் பெண் உள்ளே போயிருந்தாள். நான்கு வரிகளும் வெளியே இருந்தன. யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

மறுநாள் காலை பெயிண்ட் கடைக்காரர் பில் புத்தகம் வாங்க வந்தார், கூடவே அவர் மனைவியும். மேசைமேல் மடித்த நோட்டீஸ்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் மேலே இருந்ததைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பேசிக்கொண்டே, ஈயை விரட்டுவதுபோல் இயல்பாக, அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அவர் மனைவியின் கண் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது.

பிரஸ்காரர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்த மாதிரியே இருந்தது.

"என்னங்க," என்றாள் உள்ளேயிருந்து பிரஸ்காரரின் மனைவி. மடிப்பு மேசையிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அதை நிமித்தி வைங்க. அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க."

டீச்சர் தன் நாற்காலியில் அசையாமல் இருந்தார். பெயிண்ட் கடைக்காரர், "அட, அதெல்லாம் எதுக்குங்க, பில் புத்தகத்தைக் குடுங்க, நேரமாச்சு" என்று இழுத்தார். பிரஸ்காரர் காகிதத்தை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"கணவருடன் சேர்ந்த பிறகு..." என்று தொடங்கினார். குரல் நின்றுவிட்டது. கடைக்காரர் மனைவி ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஆறாம் வகுப்புப் பையன் போல எழுத்து எழுத்தாக, நான்கு வரிகளையும் வாய்விட்டுப் படித்தார். அந்த வீட்டில் அந்த வார்த்தைகள் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே மரச்சட்டத்தின் சத்தம் நின்றிருந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடைசி வரியை முடித்ததும், கடைக்காரர் மனைவி யாரையும் பார்க்காமல் அடுக்கிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மடிப்பு மேசையில் பிரஸ்காரரின் மனைவி அடுத்த காகிதத்தை எடுத்தாள்.